அணைத்து வைத்த எச்சரிக்கை

கைலாஷ் அந்தக் கைப்பட்டையைக் கொண்டுவந்தபோது விஷ்ணுப்ரியா சாம்பாருக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னாலிருந்து வந்து அவளுடைய இடது கையைப் பிடித்து மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டான். கறுப்பு ரப்பர், நடுவில் சின்னக் கண்ணாடி. அடிப்பக்கத்திலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் தோலின் மேல் விட்டுவிட்டு மின்னியது.

"இது என்னது?"

"எங்க ஆபீஸ்ல பண்ணினதாக்கும். நாடி ஒழுங்கா அடிக்கறதான்னு பாத்துண்டே இருக்கும். தாளம் தப்பினா ஃபோன்ல சொல்லும். கடைக்கு வரதுக்கு முன்னால ஆத்துல இருக்கறவா கையில கட்டிப் பாக்கச் சொல்லியிருக்கா."

"என் நாடிக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்லை. சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, வாணலியிலிருந்து கொஞ்சம் தேங்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கழக்கூட்டத்தில், நெடுஞ்சாலையைப் பார்த்த குடியிருப்பில் அவர்கள் வீடு. கைலாஷின் கம்பெனிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். விஷ்ணுப்ரியா காலை ரயிலில் தம்பானூர் போவாள். அங்கே ரயில் நிலையத்தின் முன்பதிவு கவுண்டரில் அவளுக்கு வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை இல்லை. சோதனைக்குழாய் முறையில் இரண்டு தடவை முயன்று இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தடவை ஏழாவது வாரத்தில் கலைந்தபோது அவள் அழுததைவிட அவன் அதிகம் அழுதான். மூன்றாவது முயற்சிக்கு டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அவளுக்கும் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி என்று இருவருமே சொல்லிக்கொள்ளாமல் நினைத்திருந்தார்கள்.

பட்டை கட்டிய சில நாட்களில், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது அது அதிர்ந்தது. ஃபோனை எடுத்துப் பார்த்தாள். நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று ஃபோனில் ஆங்கிலத்தில் வந்திருந்தது. அவளுக்கும் அப்போது நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் ஒரு திடுக் வருமே, அதுபோல. அது வந்தது, போனது, திரும்ப வந்தது.

சாயங்காலம் கைலாஷிடம் ஃபோனைக் காட்டினாள். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்ல ஜினிகிட்டக் காட்டறேன். அவ ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்திண்டிருந்தவளாக்கும். எங்களுக்கு வர கோடு எல்லாம் அவதான் பாக்கறா."

மறுநாள் சிரித்த முகத்தோடு வந்தான். "ஜினி பாத்துட்டா. ஒண்ணும் இல்லைன்னுட்டா. நீ டிக்கெட் அடிக்கறச்சே கை ஆடிண்டே இருக்கோல்லியோ, அதுல தப்பாக் காட்டறதாம்." அவளுடைய ஃபோனை வாங்கி எதையோ தட்டினான். "எச்சரிக்கையை ஆஃப் பண்ணிட்டேன். சும்மா சும்மா அடிச்சு உன்னைப் பேடிப்பிக்கும், நீயும் பயந்துண்டே இருப்பே. கோடெல்லாம் அங்க வந்துண்டுதான் இருக்கும், நான் பாத்துக்கறேன்."

தனக்காக ஒருவன் இத்தனை யோசிக்கிறானே என்று அவளுக்கு மனசு நிறைந்தது. பட்டையை அவள் கழற்றவே இல்லை.

குழந்தைக்கான ஊசிகள் ஆரம்பித்தன. தினமும் காலையில் கைலாஷே அவள் வயிற்றில் ஊசி போட்டான். முந்தின இடத்தில் குத்திவிடக் கூடாதென்று விரலால் தடவிப் பார்த்து, "வலிக்கறதா, வலிக்கறதா" என்று கேட்டுக்கொண்டே போடுவான். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தம்பானூர் நடைமேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னால் வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஊசியால வர க்ஷீணமாக்கும்" என்றான் கைலாஷ். "போன தடவையும் இப்படித்தானே இருந்தது."

போன தடவை இப்படி இல்லை. ஆனால் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"அன்னிக்கு அந்தப் பட்டை காட்டினதை கிளினிக் டாக்டர்கிட்டச் சொல்ல வேண்டாமோ?"

"டெஸ்ட்ல இருக்கற சாமானம் அது. அதைப் போய்ச் சொன்னா சிரிப்பா."

கிளினிக்கில் அவர்களாகவே ஒரு ஈசிஜி எடுத்தார்கள். அவளுக்கு இருந்த கோளாறு வந்து வந்து போகிற வகை. அந்த நேரத்தில் அது வரவில்லை. ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று இருந்தது. கருமுட்டைகளை எடுத்தார்கள். மூன்று கருக்கள் உருவாகி, அவற்றைக் குளிரில் பாதுகாத்து வைத்தார்கள். கர்ப்பப்பையில் வைக்க ஒரு நாளும் குறித்தார்கள். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் இருந்த அவள் அம்மா சாவித்ரி, செய்தி கேட்டதும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஃபோன் செய்தாள். "இந்தத் தடவை பகவான் கைவிட மாட்டார் பாரு."

அந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கவுண்டர் வரிசையில் நின்ற ஒருவர் திருநெல்வேலிக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். எந்தத் தேதிக்கு என்று கேட்க விஷ்ணுப்ரியா வாயைத் திறந்தாள். கேள்வி மனதில் தெளிவாக இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். அவர் கண்ணாடிக்கு அருகில் குனிந்து, "என்ன மேடம்?" என்றார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே சத்தம். விசைப்பலகையின் மேல் வலது கை கிடந்தது. தூக்கப் பார்த்தாள். யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது அசையாமல் கிடந்தது.

"கேட்டா பதில் சொல்ல மாட்டீங்களா?" என்று அவர் குரலை உயர்த்தினார்.

அடுத்த கவுண்டரிலிருந்த ஷாஜி திரும்பிப் பார்த்தான். என்ன ஆச்சு என்று அவன் மலையாளத்தில் கேட்டது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல முடியவில்லை. அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவன் கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றி, வழியெல்லாம், "பேடிக்கண்டா சேச்சி, பேடிக்கண்டா" என்று தைரியம் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே விரல்கள் அசைய ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் பேச்சும் முழுதாகத் திரும்பியது. தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு அவள் அழுதாள்.

இதய டாக்டர் பிரவின்ராஜ், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தமிழிலேயே பேசினார். கைலாஷும் பக்கத்தில் இருந்தான்.

"ஹார்ட்டுக்குள்ள ஒரு வால்வு சுருங்கியிருக்கு. சின்ன வயசில மூட்டுவலியோட காய்ச்சல் வந்திருக்கும், அதில வரக்கூடியது. அதனால இதயத்தோட மேலறை ஒழுங்கா சுருங்காம சும்மா படபடன்னு ஆடுது. அப்ப ரத்தம் அங்க தேங்கி உறையும். அதில ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைச்சிருக்கு. நல்லவேளை, தானா கரைஞ்சிட்டு. குழந்தைக்குன்னு ஊசி வேற போட்டிருக்கீங்க. அது ரத்தத்தை இன்னும் உறைய வைக்கும்."

"அடுத்த வாரம் கரு வைக்கறதா இருந்தது டாக்டர்" என்றாள்.

"இந்த வால்வோட கர்ப்பமாகியிருந்தா பெரிய ஆபத்தாயிருக்கும்மா. நெஞ்சில நீர் கோத்திருக்கும்." அவர் பார்வை அவள் மணிக்கட்டுக்குப் போனது. "இதைக் கட்டியிருக்கீங்களே, இது ஒண்ணும் சொல்லலியா?"

"ஒரு தடவை சொல்லித்து. அப்பறம் அது தப்புன்னு தெரிஞ்சுது." அவள் கைலாஷைப் பார்த்தாள்.

அவன், மருந்து வாங்க வேண்டும் என்று வெளியே போனான்.

மறுநாள் மதியம் ஜினி வந்தாள். நெய்யாற்றின்கரைப் பெண். கல்யாணத்துக்கு முன்பு நாகர்கோவிலில் வேலை பார்த்தவள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. விஷ்ணுப்ரியா அவளைக் கம்பெனி விழா ஒன்றில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள்.

"எப்படி இருக்கு சேச்சி? கேட்டப்ப எனக்குக் கையும் காலும் ஓடல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரத்தம் உறையாம இருக்க மருந்து தந்திருந்தாவளே? அது தின்னும் இப்படி வந்துட்டா?"

"எந்த மருந்து?"

"அன்னிக்கு டாக்டரைக் காட்டினீங்கள்ல, அப்ப தந்தது."

"நான் எந்த டாக்டர்கிட்டயும் காட்டலையே ஜினி. நீதானே ஒண்ணும் இல்லைன்னு சொன்னே."

ஜினியின் முகம் மாறியது. "நானா? நானா சொன்னேன்?"

"கை ஆடினதால தப்பாக் காட்டறதுன்னு சொன்னியாமே."

"சேச்சி, அந்தக் கோடைப் பாத்ததும் நான் கைலாஷ் சாரை விளிச்சு உக்கார வச்சுச் சொன்னேன். இது தப்பு இல்ல, நல்ல தெளிவா இருக்கு, இன்னிக்கே ஒரு ஹார்ட் டாக்டரைக் காட்டுங்கன்னு. பிறகும் வந்துட்டே இருந்து. ரெண்டாவதும் போய்ச் சொன்னேன். காட்டியாச்சு, மருந்து தொடங்கியாச்சுன்னாரு." அவள் குரல் இறங்கியது. "சாரோட சொந்த வைஃப் இல்லியா, அதைவிட நான் என்ன கேக்கறதுன்னு விட்டுட்டேன். நேரா உங்களை விளிச்சிருக்கணும்."

விஷ்ணுப்ரியா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அவள் கட்டிலுக்கு மேலிருந்த திரையில் பச்சைக் கோடு ஒழுங்கில்லாமல் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. ஜினி அவள் கையைப் பிடித்தாள். சற்று நேரம் பிடித்தபடியே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

கைலாஷ் சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தான். ஸ்பூனைக் கழுவித் துடைத்து, கஞ்சியை ஆற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ஜினி வந்தா."

அவன் பாத்திரத்தை மேசையின் மேல் வைத்தான்.

"அவ சொன்னதை எங்கிட்டச் சொன்னேளா?"

அவன் ஸ்பூனை எடுத்துப் பாத்திரத்தின் மேல் நேராக வைத்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன். சொன்னேளா?"

"ப்ரியா, கேளு. டாக்டர்கிட்டப் போனா முதல்ல என்ன சொல்லுவார்? எல்லாத்தையும் நிறுத்துன்னு சொல்லுவார். ஒரு வருஷம் போகும், ரெண்டு வருஷம் போகும். நமக்கு அவ்வளவு சமயம் இருக்கா? கருவை எடுத்து வச்சுட்டாப் போறும், அப்பறம் உடனே காட்டிடலாம்னு நெனச்சேன். சத்தியமா அதுதான் நெனச்சேன்."

"எடுத்து வச்சாச்சே. ஏன் காட்டலை?"

"ஒரு வாரம்தானே, அதையும் முடிச்சுட்டு..."

"முடிச்சுட்டு? வயித்துல வச்சப்பறம் சொல்லுவேளா? ஒம்பது மாசம் கழிச்சுச் சொல்லுவேளா?"

"உனக்காகத்தான் பண்ணினேன். உனக்கும் வேணும்னு இருந்ததுதானே? போன தடவை நீ தரையில உக்காந்து எப்படி அழுதேன்னு எனக்கு ஓர்மை இல்லியா?"

"வேணும்னு இருந்தது. இப்பவும் இருக்கு." அவளுக்கு மூச்சு முட்டியது. நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள். "நீங்கள் வந்து, இப்படி ஆபத்து இருக்கு, என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தா, பரவாயில்லை, இந்த ஒரு தடவை பாத்துடலாம்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீங்கள் கேக்கலை. என் நெஞ்சு அடிக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்க ஆபீஸுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை. மூச்சு வாங்கறதுன்னு நானா வந்து சொன்னப்பக்கூட ஊசியாலன்னேள்."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது."

"பயந்துண்டேதான் தினம் ஊசி போட்டேளா?"

அவன் கட்டிலின் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவன் அழும்போதெல்லாம் அவள் தலையைத் தடவிக் கொடுப்பது வழக்கம். கை தானாக எழுந்தது. அவள் அதைத் திரும்பப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். கைலாஷ் மறுக்கவில்லை. கார் கோட்டை வாசலுக்குள் நுழைந்து அக்ரகாரத் தெருவில் திரும்பியபோது அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்த வீடு. சாவித்ரி அவளுக்கு ரசம் சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போட்டாள். இரண்டு நாள் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், கொல்லைப் பக்கம் உட்கார்ந்து மகளின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஆம்படையான்கிட்ட ரொம்பக் கோவிச்சுக்காதே. அவன் தினம் ஃபோன் பண்ணி அழறான். கெட்ட எண்ணத்தோட பண்ணலை. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுண்டு இருந்துட்டா ஆயிடுமேன்னுதான் நெனச்சோம்."

விஷ்ணுப்ரியா தலையைத் திருப்பினாள். அம்மாவின் எண்ணெய்க் கை காற்றில் நின்றது.

"நெனச்சோமா?"

"அவன் நெனச்சான்னு சொல்லறேன்."

"நெனச்சோம்னு சொன்னேள் அம்மா."

சாவித்ரி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்டக் கேட்டான். சின்னதா ஒரு கோளாறு காட்டறது, ப்ரியாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டான். நீ ஒரு தும்மலுக்கே பயப்படறவளாக்கும். சொன்னா நீ வேண்டாம்னுடுவேன்னு எனக்குப் பயம். இப்போ சொல்ல வேண்டாம், எல்லாம் ஆகட்டும்னேன்." அவள் நிமிர்ந்தாள். "எனக்கு இது இவ்வளவு பெரிசுன்னு தெரியுமா? ஹார்ட்டுன்னா வயசானவாளுக்கு வரதுன்னுதானே நெனச்சிண்டிருந்தேன்?"

"அவர் கேட்டப்ப என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நான் உன் அம்மா. உனக்குக் கெடுதல் நெனைப்பேனா?"

விஷ்ணுப்ரியாவுக்கு கைலாஷின் மேல் வந்த கோபம் இங்கே வரவில்லை. அதைவிட மோசமாக ஒன்று வந்தது. இந்த வீட்டில் இனித் தனக்கு உட்கார இடம் இல்லை என்பதுபோல இருந்தது. எண்ணெய் வழிகிற தலையோடு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதமே அவள் ரயில்வே குடியிருப்புக்கு விண்ணப்பித்தாள். தம்பானூருக்குப் பின்னால் பழைய கட்டிடம் ஒன்றில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஷாஜியும் அவன் மனைவியும் வந்து வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். ஜினி ஒரு மின்னடுப்பு வாங்கி வந்தாள். கம்பெனியில் ஜினி எல்லாவற்றையும் மேலிடத்தில் சொல்லிவிட்டாள். யார் கையில் பட்டை இருக்கிறதோ அவரிடம் தவிர வேறு யாரிடமும் இனி முடிவைச் சொல்லக் கூடாது என்று அங்கே விதி வந்தது. கைலாஷை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, சின்ன பலூன் ஒன்றை ஊதி, சுருங்கிய வால்வை டாக்டர் பிரவின்ராஜ் விரித்துவிட்டார். அன்று கைலாஷும் சாவித்ரியும் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மயக்க மருந்து பாதி தெளிந்த நிலையில் இருவர் முகத்தையும் பார்த்தாள். இரண்டு பேருமே இளைத்திருந்தார்கள். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்பதற்காக மற்றது போய்விடவில்லை.

ஓணம் கழிந்து ஒரு நாள் மறு பரிசோதனைக்குப் போனாள். கைலாஷ் முன்பே வந்து காத்திருந்தான். அவனும் கூடவே உள்ளே வந்தான்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "வால்வு நல்லாத் திறந்து மூடுது பாருங்க. துடிப்பும் இப்ப ஒழுங்கா வந்திருக்கு. மருந்தை விட்டுடாதீங்க. இன்னும் ஆறேழு மாசம் போகட்டும். அதுக்குப் பிறகு, வேணும்னா, மருந்தை மாத்தி, குழந்தையைப் பத்தியும் யோசிக்கலாம். நாங்க பக்கத்திலேயே இருந்து பாத்துக்கிடுவோம்."

கைலாஷ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விலக்கியபோது கண் நனைந்திருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியா ப்ரியா! எல்லாம் சரியாயிடுத்து. நம்ம மூணு கருவும் அங்க பத்திரமா இருக்கு. நான் அன்னிக்கு எடுத்து வச்சது நல்லதாப் போச்சு இல்லியா?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒளிக்காமல், மனசாரச் சொன்னான். இத்தனை மாதமாக அவன் வருந்தியது அவள் நோயில் விழுந்ததற்காக மட்டும்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. விழாமல் இருந்திருந்தால் அவனுக்கு வருந்த ஒன்றுமே இருந்திருக்காது. எழுந்து நின்றுவிட்டாள் என்றதும் கணக்கு நேராகிவிட்டது அவனுக்கு. கவுண்டரில் கை செயலற்றுக் கிடந்தபோதுகூட அவள் இவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ சரிபார்த்துக்கொண்டே கேட்டார். "ரத்தம் உறையற அளவைப் பாக்க அடிக்கடி டெஸ்ட் வரும். ரிசல்ட் வந்தா போன தடவை போல சாருக்கே ஃபோன்ல விளிச்சுச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். எனக்கே சொல்லுங்கோ."

"நீங்க ட்யூட்டியில இருந்து எடுக்கலேன்னா?"

"எடுக்கற வரைக்கும் கூப்பிடுங்கோ. நல்லதானாலும் கெட்டதானாலும் எங்கிட்ட மட்டும் சொல்லுங்கோ."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் கைலாஷ் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "நம்மாத்துக்குப் போலாமா?" என்றான். சாதாரணமாக, கடைக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் போலக் கேட்டான்.

"இல்லை. அந்த மூணையும் என்ன பண்ணறதுன்னு நான் யோசிச்சுச் சொல்லறேன். அதுக்கு நாளாகும். சமயம் போறதுன்னு யாரும் எனக்கு ஃபோன் பண்ண வேண்டாம், அம்மாகிட்டயும் சொல்லிடுங்கோ. நான் திரும்பி வரேன்னு நெனச்சு அந்த ஃப்ளாட்டை வச்சுண்டிருக்காதேங்கோ."

"இவ்வளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன், ப்ரியா?"

அவன் உண்மையாகவே கேட்டான். அவள் ஒருமுறை வாயைத் திறந்தாள். சொல்வதற்கு இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லியாகிவிட்டது. தெருவுக்கு வந்து, எதிரே வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.